வயிறும் மனமும்: தேவைப் படிநிலைக் கோட்பாடு பற்றிய ஒரு மறுநோக்கு

மனிதனை இயக்குவது யாது என்னும் வினா மெய்யியலாளரும் சமய ஞானியரும் புலவரும் நெடுங்காலமாக எழுப்பிவந்த ஒன்று. தமிழிலே, பசியைக் கொடிய பிணியாகக் கண்டு அதனைத் தீர்ப்பதைத் தலையாய அறமாகப் போற்றிய மணிமேகலைக் காப்பியமும் இவ்வினாவுக்குத் தனக்கேயுரிய விடையொன்றைக் கொண்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா உளவியலாளரின் கைக்கு மாறியபோது, ஊக்கல் என்னும் தனித் துறையாக அது வளர்ந்தது. அத்துறையிற் பரவலாக அறியப்பட்டது, ஐக்கிய அமெரிக்க உளவியலாளரான ஏபிரகாம் மாஸ்லோ (1908–1970) வகுத்த தேவைப் படிநிலைக் கோட்பாடாகும். கல்வியியலோ முகாமைத்துவமோ பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து தட்டுகளாகப் பிரிக்கப்பட்ட அந்த முக்கோணத்தை ஒருமுறையேனும் தம் குறிப்பேட்டில் வரைந்திருப்பர். அடித்தட்டில் உணவு, நீர் முதலான உடலியல் தேவைகள், அதன்மேல் பாதுகாப்பு, அதன்மேல் அன்பும் உறவும், அதன்மேல் மதிப்பு, உச்சியிலே, ஒருவர் தம்முள் உறையும் ஆற்றல்களை முழுமையாக மலர்விக்கும் சுயதிறன் நிறைவு. கீழ்த்தட்டு நிறைந்த பின்னரே மேற்றட்டு விழிக்கும் என்பது பாடநூல்கள் கற்பிக்கும் விதி.

கோட்பாடொன்று நினைவில் எளிதாகப் பதிவது அதன் உண்மைக்குச் சான்றாகிவிடாது. மேலும், இது வகுப்பறையோடு நின்றுவிடும் கோட்பாடுமன்று. வறியவர்க்கும் தொழிலாளர்க்கும் அகதிகளுக்கும் எதை முதலிற் கொடுப்பது, எதை ஒத்திப்போடுவது எனத் தீர்மானிப்போர் இதனை, அறிந்தோ அறியாமலோ, தம் துணைக்கு அழைத்துக்கொள்கின்றனர். 'முதலிற் சோறு, மானமும் உரிமையும் பிறகு' என்னும் நிருவாக மனப்பாங்குக்கு அறிவியலின் ஒப்புதல் உண்டா என்பதே இங்கு ஆராயப்படவேண்டிய வினாவாகும்.

1

மாஸ்லோவை மதிப்பிட முற்படுவோர் முதலில் அவரது காலச் சூழலை மனங்கொளல் வேண்டும். 1943ஆம் ஆண்டில் அவர் தமது கோட்பாட்டை ஆய்விதழொன்றில் வெளியிட்டபோது, அமெரிக்க உளவியலில் இரு போக்குகள் மேலோங்கியிருந்தன. ஒன்று, எலிகளின் நடத்தையிலிருந்து மனித நடத்தைக்கு விதி காண முயன்ற நடத்தைவாதம். மற்றையது, நோயுற்ற மனங்களிலிருந்து மனித இயல்பை உய்த்துணர்ந்த உளப்பகுப்பாய்வு. இவ்விரண்டுக்கும் அப்பால், நலமுள்ள மனிதனை நோக்கி உளவியலைத் திருப்பியமை மாஸ்லோவின் பெரும்பணி. அன்பும் மதிப்பும் மனிதனுக்கு அணிகலன்கள் அல்ல, அவை மறுக்கப்பட்டால் மனம் நோயுறும் என்று அவர் வலியுறுத்தினார். உணவின் வரிசையிலேயே அன்பையும் 'அடிப்படைத் தேவை' என்று பெயரிட்டு வைத்த துணிவு இன்றும் பாராட்டுக்குரியது.

அவரது கட்டுரையை நேரிற் படிப்போர்க்குப் பாடநூல் முக்கோணத்திற் காணாத நெகிழ்ச்சி தென்படும். படிநிலையின் ஒழுங்கு இறுக்கமானதன்று என அவரே எழுதினார். இலட்சியத்துக்காக யாவற்றையும் துறக்கும் தியாகிகள் உட்பட விதிவிலக்குகள் பலவற்றை அவரே பட்டியலிட்டார். ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைவேறிய பின்னரே அடுத்தது தோன்றும் என்ற கருத்தையும் அவர் மறுத்தார். சராசரி மனிதனொருவனின் உடலியல் தேவைகள் 85 வீதமும், பாதுகாப்பு 70 வீதமும், அன்பு 50 வீதமும், மதிப்பு 40 வீதமும், சுயதிறன் நிறைவு 10 வீதமும் நிறைவு பெற்றிருக்கலாம் என அவர் எடுத்துக்காட்டினார். இவ்வெண்கள் அளந்து பெறப்பட்டவை அல்ல. கருத்தை விளக்கக் கற்பனையாகக் கொள்ளப்பட்டவை.

அம்முக்கோணமும் மாஸ்லோ வரைந்ததன்று. அவரது கோட்பாட்டைக் கைத்தொழில் நிருவாகத்துக்குக் கொண்டுசென்றவர்களுள் முக்கியமானவர் டக்ளஸ் மக்கிரகர். அவரது நூல் 1960இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சார்ள்ஸ் மக்டேர்மிட் என்னும் ஆலோசகர் வணிக இதழொன்றில் இத்தேவைகளை முக்கோண வடிவில் வெளியிட்டார் என்பதைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். தொழிலாளரை எவ்வாறு கூடுதலாக உழைக்கச் செய்வது என்ற வினாவோடு நின்ற முகாமையாளர்க்கு, எந்தத் தட்டில் நிற்பவனுக்கு எதைக் கொடுத்தால் போதும் என்று காட்டும் படமொன்று வசதியாக அமைந்தது. கோட்பாட்டின் நெகிழ்ச்சி மறைந்து கோடுகள் மட்டும் எஞ்சியமைக்கு இந்தச் சமூகத் தேவையே காரணம் எனத் துணியலாம்.

எனினும் முழுப்பழியையும் வணிகர்மேற் சுமத்தி மாஸ்லோவை விடுவித்தல் பொருந்தாது. வலிமையான தேவை தலைதூக்கி நிற்கையில் ஏனையவை பின்னொதுங்கும் என்பது அவர் கூற்றின் உயிர்நாடி. சுயதிறன் நிறைவு பெற்றோர் பற்றிய அவரது ஆய்வும் வலுவற்றது. ஆபிரகாம் லிங்கன், ஐன்ஸ்ரைன், எலினோர் ரூஸ்வெல்ற் முதலானோரைத் தாமே தெரிந்தெடுத்து, அவர்களிடங் கண்ட பண்புகளையே உயர்மனிதப் பண்புகளாக அவர் தொகுத்தார். தாம் மதித்தோரைத் தெரிந்து, பின்னர் அவர்கள் மதிக்கத்தக்கோர் என நிறுவுதல் வட்டத்துள் நடப்பதேயன்றி வேறில்லை. 1976இல் வாபா, பிறிட்வெல் என்னும் இருவர் அதுவரை வெளிவந்த சோதனை முடிவுகளைத் தொகுத்து நோக்கியபோது, படிநிலை ஒழுங்குக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றே கூற நேர்ந்தது.

2

படிநிலைக்குச் சார்பான வலிய சான்று பசியிலிருந்தே கிடைக்கின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவரின் தலைமையில் பட்டினி பற்றிய பரிசோதனையொன்று நடைபெற்றது. 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர். தம் உடல் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை அவர்கள் இழந்தனர். கனவிலும் பேச்சிலும் உணவே நிறைந்தது. சிலர் சமையல் நூல்களை வாசிப்பதிலேயே பொழுதைக் கழித்தனர். அரசியல் ஆர்வம், நட்பு, காதல் யாவும் மங்கின. பசி மனத்தின் ஏனைய விளக்குகளை அணைக்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஆயின் அவ்விளைஞர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். அவர்கள் மனச்சாட்சியின் பேரிற் போருக்குச் செல்ல மறுத்தவர்கள். யுத்தத்தாற் பட்டினியுற்ற மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி மீட்பது என்பதை அறியும் பொருட்டுத் தம் உடலைத் தாமே முன்வந்து ஒப்புக்கொடுத்தவர்கள். பசி அவர்களது சிந்தனையை ஆட்கொண்டது உண்மையே. அப்பசிக்குள் அவர்களை இட்டுச்சென்றதும் பெரும்பாலோரை இறுதிவரை அதில் நிலைக்கச் செய்ததும் மற்றொரு தேவை. தாம் சரியெனக் கருதியதைச் செய்தல், பிறர்க்குப் பயன்படுதல் என்ற மேற்றட்டு, வெறுமையான அடித்தட்டின் மீது மாதக்கணக்காக நின்றது. ஒரே பரிசோதனை மாஸ்லோவின் விதிக்குச் சான்றாகவும் அவ்விதியின் எல்லைக்குச் சான்றாகவும் அமைந்துவிடுகின்றது.

இரண்டாவது சான்று மாஸ்லோவின் ஆசிரியரிடமிருந்தே வருகின்றது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மாஸ்லோவை நெறிப்படுத்திய ஹரி ஹார்லோ, 1958இல் குரங்குக் குட்டிகள் பற்றிய தமது புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளுக்கு இரு பொம்மைத் தாய்கள் வைக்கப்பட்டன. ஒன்று வெறுங்கம்பியால் ஆனது. மற்றையது மென்துணி போர்த்தது. பால் கம்பித் தாயிடமே கிடைத்தபோதும் குட்டிகள் பாலுக்காக மட்டும் அதனை அணுகின. எஞ்சிய பொழுதெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. அணைப்பை நாடுதல் பால் ஊட்டியதற்குரிய நன்றிக்கடன் அன்று. பசியின் மேல் எழுந்த இரண்டாம் மாடியாக அன்பைக் கருதுவதற்கு இக்காட்சி இடமளிக்கவில்லை. பசியோடு உடன்பிறந்த தேவையாகவே அது தோன்றுகின்றது.

மூன்றாவது சான்று ஆய்வுகூடத்துக்கு வெளியே, ஒரு கிராமத்திற் கிடைத்தது. ஒஸ்திரியாவில் வியன்னாவுக்கு அண்மையிலுள்ள மரியென்தால் ஒரே ஆடை ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். பொருளாதார மந்தத்தில் அவ்வாலை மூடப்பட்டபோது ஏறத்தாழ ஊர் முழுவதுமே வேலையிழந்தது. மரி ஜகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அவ்வூரில் நிகழ்த்திய ஆய்வு 1933இல் நூலாயிற்று. வேலையில்லா மனிதனுக்கு ஓய்வு நேரம் மிகுந்திருந்தது. ஊர் நூலகத்திற் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆயினும் இரவலாகப் பெறப்பட்ட நூல்களின் தொகை இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர், முழுநாளும் என்ன செய்தீர்கள் எனக் கேட்டபோது சொல்வதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

வருமானம் குறையக் குறைய உளநிலையும் சரிந்ததை அவ்வாய்வாளரே காட்டினர். எனவே இதனை வெறும் பசியின் விளைவு எனப் படிநிலைவாதி கூறக்கூடும். ஆயின் அதே வீடுகளில், அதே குறைந்த உணவை உண்ட பெண்களின் நிலை வேறாக இருந்தது. சமைத்தல், தைத்தல், பிள்ளைகளைப் பேணல் என்ற கடமைகள் அவர்களது நாளுக்கு ஓர் ஒழுங்கை அளித்தன. காலம் அவர்கள் கையில் இறந்துவிடவில்லை. வீட்டுச் சுமை முழுவதும் பெண்மேல் விழுந்தமை போற்றுதற்குரியதன்று. எனினும் பட்டினியால் மட்டும் விளக்கமுடியாத ஓர் இழப்பு ஆண்களுக்கு நேர்ந்ததென்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகின்றது. தொழில் கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு வடிவம், குடும்பத்துக்கு வெளியே தொடர்பு, பொது நோக்கில் ஒரு பங்கு, சமூகத்தில் ஓரிடம், இடையறாத செயற்பாடு ஆகியவற்றையும் தருகின்றது என ஜகோடா பிற்காலத்தில் இதனை விளக்கினார்.

3

படிநிலையைக் கைவிட்டு மனத்தின் தேவைகளை வேறுவகையில் விளக்க முனைந்தவர்கள் எட்வேர்ட் டெசியும் றிச்சேர்ட் றயனும் ஆவர். அவர்களது கோட்பாடு சுயநிர்ணயக் கோட்பாடு எனப்படும். இலங்கைத் தமிழ் வாசகர்க்கு அரசியல் வழக்காக நன்கு அறிமுகமான இச்சொல், இங்கு தனிமனித உளவியலின் கலைச்சொல்லாகவே ஆளப்படுகின்றது.

இக்கோட்பாட்டின் ஊற்று எளிய சோதனையொன்று. 1971இல் டெசி வெளியிட்ட ஆய்வில், கட்டைத் துண்டுகளை இணைத்து உருவம் அமைக்கும் புதிர்களில் மாணவர் சிலர் ஈடுபடுத்தப்பட்டனர். தீர்த்த புதிருக்குப் பணம் பெற்றவர்கள், பணம் நிறுத்தப்பட்ட பின் ஓய்வு வேளையில் அப்புதிர்களை நாடுவது குறைந்தது. 1973இல் லெப்பரும் அவரது சகாக்களும் பாலர் பாடசாலையொன்றில் இதனையொத்த முடிவைக் கண்டனர். படம் வரைந்தால் பரிசு என முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைவதில் ஆர்வங் குன்றினர். எதிர்பாராமற் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஆகவே குறை பரிசில் இல்லை. 'பரிசுக்காகவே செய்கின்றேன்' என்ற உணர்விலேயே அது தங்கியுள்ளது. இம்முடிவுகள் மறுப்பின்றி ஏற்கப்பட்டவை அல்ல. 1994இல் கமரன், பியர்ஸ் ஆகியோர் இவ்விளைவு மிகைப்படுத்தப்பட்டது என வாதிட்டனர். 1999இல் டெசியும் சகாக்களும் 128 சோதனைகளைத் தொகுத்து, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு இயல்பான ஆர்வத்தைக் குறைப்பதையும், பாராட்டுரை அதனை வளர்ப்பதையும் எடுத்துக்காட்டினர்.

இவற்றின் வழி அவர்கள் மூன்று உளத்தேவைகளைக் கண்டனர். தான் செய்வதைத் தன் செயலாகவே உணரும் தன்விருப்பு. செய்வதைத் திறம்படச் செய்ய இயலும் என்ற வல்லமை. பிறரோடு பிணைந்து, அவரால் வேண்டப்படும் உறவு. இம்மூன்றும் தட்டுகள் அல்ல. பயிருக்கு நீரும் ஒளியும் மண்ணும் போல இவை ஒருங்கே வேண்டப்படுபவை. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் இன்மையை ஈடுசெய்வதில்லை.

இக்கோட்பாட்டை நோக்கி எழும் முதன்மையான ஐயம், தன்விருப்பு என்பது மேலைநாட்டுத் தனிமனிதவாதத்தின் வேறொரு பெயரோ என்பதாகும். இவ்வையத்துக்கு ஆதாரமும் உண்டு. 1999இல் சீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய இருவர் சான்பிரான்சிஸ்கோவில் நடத்திய ஆய்வில், வெள்ளையமெரிக்கக் குழந்தைகள் தாமே தெரிந்த சொற்புதிரில் மிகுந்த ஈடுபாடு காட்டினர். ஆசிய வழிவந்த குழந்தைகளோ, தம் தாய் தெரிந்தது எனக் கூறப்பட்ட புதிரில் மிகுந்த ஈடுபாடு காட்டினர். இதற்குக் கோட்பாட்டாளர் கூறும் விடை சிந்தனைக்குரியது. தன்விருப்பு வேறு, எவரையும் சாராதிருத்தல் வேறு. தங்கையரின் திருமணத்துக்காகத் தன் மணத்தைத் தள்ளிவைக்கும் அண்ணன் ஒருவன் அதனை மனமுவந்து ஏற்றிருந்தால் அது அவன் செயல். ஊராரின் பழிக்கு அஞ்சி ஏற்றிருந்தால் அது அவன்மேல் விழுந்த சுமை. வெளியிற் காண்போர்க்கு இரண்டும் ஒன்றே. அவன் மனநலத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. 2003இல் வெளியான, தென்கொரியா, ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு மாணவரிடை நடத்திய ஆய்வு, குழும வழக்கமாயினும் தனிமனித வழக்கமாயினும் அதனைத் தமதாக ஏற்றவர்களிடமே நல்வாழ்வு மிகுந்திருப்பதைக் காட்டியது.

மற்றோர் ஆபத்தும் சுட்டப்படவேண்டியது. தொழிலே இன்பம், ஊதியம் இரண்டாம்பட்சம் என்று கூலியைக் குறைக்க விழைவோர் இக்கோட்பாட்டையும் கைக்கொள்ளக்கூடும். அன்று முக்கோணத்தை வசதியாக்கிக்கொண்ட அதே கைகளுக்கு இதுவும் எட்டாததன்று. உழைப்பவனுக்கு உரிய கூலியை மறுத்துவிட்டு அவனது மனநிறைவைப் பேசுதல் எந்த ஆய்வாலும் நியாயப்படுத்தப்படவில்லை. தேவைகளை மனத்துள் மட்டும் தேடி, அவற்றை வழங்கவும் மறுக்கவும் வல்ல சமூக உறவுகளை நோக்காதொழிதல் உளவியலாளர் பலரிடத்துங் காணப்படும் பொதுக்குறைபாடாகும்.

4

2011இல் லூயிஸ் ரே, எட் டீனர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்துக்குப் பரந்த தளத்தை அளித்தது. 123 நாடுகளில் 2005 முதல் 2010 வரை திரட்டப்பட்ட தரவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். மக்களுக்கு உணவும் பாதுகாப்பும் பெரும்பாலும் முதலிற் கிடைக்கின்றன, ஏனையவை பிற்படுகின்றன. இவ்வளவில் மாஸ்லோ கூறியது பொய்யன்று. ஆயின் உறவும் மதிப்பும் வல்லமையும் தரும் மகிழ்வு, உணவும் பாதுகாப்பும் முன்னரே நிறைந்தனவா என்பதில் பெரிதும் தங்கியிருக்கவில்லை. வேறுவிதமாகக் கூறின், பசித்திருப்பவனுக்கும் நட்பு நட்பாகவே பயன்படுகின்றது. வறியவளுக்கும் மதிப்பு மதிப்பாகவே உறைக்கின்றது. தேவைகள் நிறைவேறும் வரிசையை உலகின் பொருளியல் ஒழுங்கு தீர்மானிக்கின்றது. அவ்வரிசையை மனத்தின் இயல்பெனக் கொண்டதே படிநிலைக் கோட்பாட்டின் அடிப்படைத் தவறு எனலாம்.

இலங்கையில் இத்தவறுக்கு மாற்றாக ஒரு சிந்தனை முன்னரே எழுந்ததுண்டு. ஏ.ரி. ஆரியரத்தின 1958இல் தொடக்கிய சர்வோதய சிரமதான இயக்கம் பத்து அடிப்படைத் தேவைகளை வகுத்தது. நீர், உணவு, உடை, உறையுள், சுகாதாரம் என்பனவற்றோடு கல்வியும் தொடர்பாடலும் பண்பாட்டு, ஆன்மிகத் தேவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. கிராமத்தவன் வயிறு நிறையும்வரை அவனது பண்பாட்டு வாழ்வு காத்திருக்கட்டும் என அது கூறவில்லை.

இதற்கு மறுதலையான அனுபவமும் இந்நாட்டிலேயே நேர்ந்தது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது, வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் வைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக்பாம் முகாமில் இருந்தனர். குறைவாகவும் நெருக்கடியோடுமெனினும், உணவும் நீரும் கூடாரமும் அங்கு வழங்கப்பட்டன. அவ்வாண்டு டிசெம்பர் வரை சுதந்திரமாக வெளியே சென்றுவர அவர்களுக்கு இடமிருக்கவில்லை. முகாம் இறுதியாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். உறவினர் உயிரோடு உள்ளனரா எனத் தேடிச் செல்வதும், தன் அடுப்பில் தான் விரும்பியதைச் சமைப்பதும், தன் நிலத்தில் உழைப்பதும் முக்கோணத்தின் மேற்றட்டுகளுக்குரியவை என்றால், அவை காத்திருக்கலாம். ஆயின் பிள்ளையைத் தேடும் தாய்க்கு அத்தேவை தட்டிலுள்ள சோற்றுக்குப் பிற்பட்டதன்று. அவளிடம் அவ்வாறு கூறத் துணியும் கோட்பாடு மனிதரை அறிந்த கோட்பாடாகாது.

இவ்விடத்தில் மணிமேகலை மீண்டும் நினைவுக்கு வருகின்றது. பசிப்பிணியின் கொடுமையை அக்காப்பியம் போல் உணர்த்திய தமிழ் நூல் வேறில்லை. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டத்துட் சென்று அங்கிருந்தோர்க்கு உணவளிக்கின்றாள். அவ்வற்புதங் கேட்டு வியந்த மன்னன் அவள் வேண்டுவது யாதென வினவுகின்றான். சிறையோர்க்கு நாள்தோறும் சோறிட அனுமதி வேண்டியிருப்பின், படிநிலைவாதிக்கு அது பொருத்தமான வேண்டுகோளாகத் தோன்றியிருக்கும். அவள் கேட்டதோ, அச்சிறையையே அறக்கோட்டமாக மாற்றவேண்டும் என்பது. பசியை முதற்பிணியாகக் கொண்ட காப்பியமே, பசி தீர்ந்த மனிதனைச் சிறையில் இருத்திவிட்டு மனநிறைவு கொள்ளவில்லை. சோறும் விடுதலையும் ஒரே அறத்தின் இரு கூறுகள் என்ற தெளிவு அங்கு காணப்படுகின்றது. ஊக்கல் பற்றிய பாடநூல்களின் அடுத்த பதிப்புகள் முக்கோணத்தை அச்சிடுமுன் இத்தெளிவையும் கருத்திற்கொள்ளுதல் நன்று.